மல்லாட்டை வறுபடாத சூளை

சூடு வீணாகப் போவதைப் பார்த்துக் கண் கலங்கிய மனிதர் இந்தப் பூவுலகில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் தினமும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பிரைவேட் பஸ் பிடித்து விருத்தாசலத்துக்கு வந்துகொண்டிருந்தார். பசியில் அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சினிமா பார்த்து அழுகிறவர்களோடு சேர்ந்து நானே அழுதிருக்கிறேன். மூடி போடாத சோற்றுப் பானையைப் பார்த்து, “அடடா, அத்தனையும் வெளிய போவுதே” என்று மூக்கை உறிஞ்சியவரை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அவருக்கும் பெற்றோர் ஒரு பெயர் வைத்துத்தான் இருந்தார்கள். ஆனால் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அவர் சாம்பல் சார். நான் அப்போது பேட்டையின் சிறு முதலாளிகள் சங்கத்தில் வேலை பார்த்தேன். டைப் அடிப்பது, கூட்டத்துக்கு டீ ஊற்றுவது, இரண்டு முதலாளிகள் முறைத்துக்கொண்டால் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வது எல்லாம் என் வேலை. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. செல்போன் வைத்திருந்தவர்கள் அது சட்டைப் பைக்கு வெளியே எட்டிப் பார்க்கும்படி வைத்திருந்த காலம். பேட்டையில் வரிசையாக ஷெட்டுகள். ஒன்றில் கொலு பொம்மை, ஒன்றில் டீ கப்பு, ஒன்றில் மின்சாரப் பீஸ் கட்டை. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு சூளை. சூளைக்குப் பின்னால் மலை மாதிரி சவுக்குக் கட்டை.

சார் எங்கேயோ ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்துவிட்டு, ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று வேலையை விட்டவர். என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் உட்கார வைத்துச் சொல்வார். அதனால் யாரும் கேட்பதில்லை. நான் கேட்டுத் தொலைத்தேன். சூளையில் போடும் விறகின் சூட்டில் பெரும் பங்கு பொம்மைக்குப் போவதே இல்லையாம், சுவர் வழியாக ஊருக்குப் போகிறதாம். சுவருக்கு வெளியே இன்னொரு மெல்லிய சுவர் எழுப்பி, நடுச்சந்தில் உமிச் சாம்பலை அடைத்துவிட்டால் சூடு வெளியே வராதாம். விறகும் மிச்சம், புகையும் கொஞ்சம். “நாம ஊருக்கே குளிர் காய நெருப்பு போட்டுக்கிட்டு இருக்கோம்மா” என்றார். விருத்தாசலம் வெயிலில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்டபோது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

சாம்பலுக்காக அவர் ஏறி இறங்காத ரைஸ் மில் இல்லை. புழுங்கலரிசி மில் சாம்பல், பச்சரிசி மில் சாம்பல், கறுத்தது, வெளுத்தது என்று மூட்டை மூட்டையாகப் பஸ்ஸில் ஏற்றி வருவார். ஒரு நாள் நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். கண்டக்டர் மூட்டையைக் காலால் தட்டி, “சார், என்னா இது?” என்றார்.

“சாம்பல்.”

“யாரோடது சார்?”

முன் சீட்டு அம்மாள் காலை மேலே தூக்கிக்கொண்டார். “மில்லோடதுங்க” என்று இவர் விளக்கம் சொல்வதற்குள் பாதி பேர் அனுதாபத்தோடு எழுந்து அவருக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். அவரும் உட்கார்ந்துகொண்டார். சாம்பல் சார் என்ற பெயர் அன்றைக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவரோடு சேர்ந்தே இறங்கியது.

வீட்டில் இருந்தவர் பாடு அதைவிட மோசம். அவர் மனைவி பள்ளிக்கூட டீச்சர். அந்தச் சம்பளத்தில்தான் குடும்பமும் ஆராய்ச்சியும் ஓடின. சார் ஒரு பழப்பெட்டிக்குள் வைக்கோலை அடைத்து, ஒரு கொதி வந்த சோற்றுப் பானையை அதில் இறக்கி மூடிவிடுவார். அடுப்பே இல்லாமல் சோறு தானாக வெந்துவிடும். உண்மையாகவே வெந்துவிடும், நான் தின்றிருக்கிறேன். ஒரே ஒரு சிக்கல், இடையில் பெட்டியைத் திறக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சரின் உறவுக்காரர்கள் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்திருந்தார்கள். “நான் வந்துதான் தெறப்பேன்” என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போனவர் அங்கே சாம்பலில் மூழ்கிவிட்டார். வந்தவர்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு எழுந்து பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் பரோட்டா தின்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். டீச்சர் இதை என்னிடம் சொன்னபோது சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “சோறு பதமாத்தாம்மா இருந்துது. தின்னத்தான் ஆளு இல்ல” என்றார்.

பேட்டை வாசலில் இருந்த டீக்கடையையும் அவர் விட்டுவைக்கவில்லை. அடுப்பைச் சுற்றி மண்ணும் சாம்பலும் குழைத்து ஒரு வளையம் கட்டிக் கொடுத்தார். கரி பாதியாகக் குறைந்தது, டீ மாஸ்டர் மகிழ்ந்தார். மார்கழி வந்தது. விடியற்காலையில் அந்த அடுப்பைச் சுற்றி நின்று கையைக் காட்டிக்கொண்டே டீ குடிக்கும் கூட்டம் மொத்தமாக எதிர்க்கடைக்கு நகர்ந்துவிட்டது. மாஸ்டர் சுத்தியலை எடுத்து வளையத்தை உடைத்தார். “எங் கடைக்கு டீக்கா வராங்க? குளிர் காயத்தானே வராங்க” என்று அவர் கத்தியதைச் சார் நின்று கேட்டார். பிறகு என்னிடம் வந்து, “இத நான் யோசிக்கலம்மா” என்றார். யோசிக்காத விஷயம் கிடைத்தால் அவருக்கு அதிலும் ஒரு சந்தோஷம்தான்.

இதெல்லாம் பரவாயில்லை. சங்கத் தலைவரின் அப்பா தவறியபோது செய்ததுதான் அவரைக் கவிழ்த்தது. மணிமுத்தாற்றங்கரையில் கட்டை அடுக்கியாகிவிட்டது. தலைவர் மொட்டைத் தலையும் தோளில் குடமுமாகச் சுற்றி வருகிறார். சாம்பல் சார் அதற்கு எதிர்த்திசையில் சுற்றி வருகிறார். குனிந்து பார்க்கிறார், விரலை நனைத்துக் காற்று பார்க்கிறார். கடைசியில் தலைவரின் காதருகே போய், “மேக்கால ரெண்டு கட்டைய எடுத்துட்டா காத்து உள்ள பூந்துரும். பாதி வெறவு போதுங்க” என்றார். குடத்தைக் கீழே போடும் நேரம் வருவதற்கு முன்பே தலைவர் அதைப் போட்டுவிட்டார். அதன் பிறகு வெகுகாலம் சாம்பல் சார் வணக்கம் சொன்னால் தலைவர் மேகத்தைப் பார்ப்பார்.

ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது அந்தத் தலைவரின் தயவுதான். தன் வாடகை ஷெட்டில் நாய்க்கூண்டு அளவுக்கு ஒரு சூளை கட்டி அவர் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டார். அது நன்றாகவே வேலை செய்தது. நாய்க்கூண்டை நம்பி யார் தன் சூளையைக் கொடுப்பார்கள்? நிஜமான சூளை ஒன்று, நிஜமான பொம்மை லோடு ஒன்று, அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் வந்து கேட்பார். உறுப்பினர்கள் சிரிப்பார்கள். நான் டீ ஊற்றுவேன். அடுத்த மாதம் அதே சட்டையோடு மறுபடி வருவார்.

பிறகு ஒரு வருடம் சவுக்கு விலை ஏறியது. காசு கொடுத்தாலும் லோடு வரவில்லை. நவராத்திரி ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளிகள் மூக்கால் அழுதார்கள். தலைவர் சாம்பல் சாரைக் கூப்பிட்டு அனுப்பினார். “சார், எங்கப்பா காரியத்துல நீங்க பண்ணத நான் மறக்கல. இருந்தாலும் என் சூளைய தரேன். ஒரே ஒரு லோடு. நல்லா வந்துச்சுன்னா பேட்டை மொத்தத்துக்கும் நீங்க சொல்ற மாதிரியே கட்டிடலாம். வரலன்னா இந்த ஆராய்ச்சிப் பேச்சோட நீங்க பேட்டைக்குள்ள வரக் கூடாது” என்றார். சார் வெளியே போய்ப் பம்பில் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அந்தச் சூளையில் நெருப்பு போடுபவர் பாவாடை. எங்கள் பக்கத்தில் ஆம்பிளைக்கு அது நல்ல பெயர், யாரும் சிரிக்க வேண்டாம். ஐம்பது வயசு, கரிக்கட்டை உடம்பு, பேச்சு குறைவு. சூளை பதத்துக்கு வந்துவிட்டதா என்று அவர் பார்க்கும் முறை பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். சூளைச் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு திட்டு உண்டு. நெருப்பு மூட்டியதும் ஒரு கை மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, தோலோடு அதில் பரப்பிவிடுவார். முதலில் வாசம் வரும். பிறகு தோல் சிவக்கும். தோல் கறுத்து, விரலால் நசுக்கினால் பட்டென்று உடையும் நேரத்தில், “போதும், நிறுத்துங்க” என்பார். அந்த மல்லாட்டையைச் சுற்றியிருக்கும் எல்லோரும் பங்கு போட்டுத் தின்போம். அவர் நிறுத்தச் சொன்ன லோடு கெட்டுப்போய் யாரும் பார்த்ததில்லை.

சார் சூளையைச் சுற்றி இரண்டாவது சுவரை எழுப்பினார். தானே சாம்பலைக் குத்தி அடைத்தார். பாவாடைக்காகப் பழைய திட்டு மாதிரியே வெளிச்சுவரிலும் ஒரு திட்டு வைத்துக் கொடுத்தார். சாருக்கு அவ்வளவு மரியாதை பாவாடை மேல். பக்கத்தில் ஒரு முள் கடிகாரம் மாதிரி சூடு காட்டும் கருவியை மாட்டி, சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார்.

“பாவாடை, முள்ளு இந்தக் கோட்டத் தொட்டுச்சுன்னா நெருப்ப நிறுத்திடுங்க.”

“சரிங்க சார்.”

“கட்டை மிச்சம் இருக்கும். இருந்தா இருக்கட்டும்.”

“சரிங்க சார்.”

கற்பூரம் காட்டி நெருப்பு மூட்டினார்கள். மறுநாள் காலைவரை சார் சூளையைவிட்டு அசையவில்லை. மத்தியானம் தலைவர் ஆள் அனுப்பினார். உறுப்பினர்கள் எல்லோரும் சங்கத்தில் கூடியிருக்கிறார்கள், சார் வந்து இது என்ன ஏது என்று விளக்க வேண்டும். இத்தனை வருடத்தில் அவரை யாரும் விளக்கச் சொன்னதே இல்லை. கரும்பலகை முன்னால் சாக்பீஸோடு நின்ற மனிதரை நான் அன்றைக்குத்தான் வாத்தியாராகப் பார்த்தேன். சூடு எப்படி நடக்கும், எங்கே ஓடும், எங்கே நிற்கும் என்று படம் போட்டார். “இப்ப போயி சூளைச் சுவத்துல கைய வச்சுப் பாருங்க, சுடாது” என்றார். முதலாளிகள் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். ஒருவர் சந்தேகம்கூடக் கேட்டார். நான் இரண்டாவது தடவை டீ போட வேண்டியதாயிற்று.

கூட்டம் முடியும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பாவாடைக்கு டீ எடுத்துக்கொண்டு நானும் சாரோடு சூளைக்கு நடந்தேன். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். சூளையடியில் வந்ததும் பேச்சு நின்றது. மிச்சம் இருக்க வேண்டிய கட்டையில் ஒரு சுள்ளிகூட இல்லை. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

“எப்ப நிறுத்துனீங்க பாவாடை?”

“இப்பதாங்க. கட்டை தீந்துடுச்சு.”

“முள்ளு கோட்டத் தொடலியா?”

“அது அப்பவே தொட்டுடுச்சுங்க. மிசினு பொய் சொல்லுதுங்க சார்” என்றார் பாவாடை. திட்டைக் காட்டினார். நெருப்பு மூட்டியதும் பரப்பிய மல்லாட்டை அப்படியே வெளுப்பாகக் கிடந்தது. “பாருங்க, வாசமே வரல. பொம்மை வேவாம பச்சையா வந்தா உங்க மானம் இல்ல போவும்? நான் விடுவேனா? இருந்த கட்டை அத்தனையும் போட்டுட்டேன்.”

சார் ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்து வாயில் போட்டார். நெடுநேரம் மென்றார். “பச்சையாத்தான் இருக்குது” என்றார். சுவர் குளிர்ந்து இருந்ததுதான் அவர் ஜெயித்ததற்குச் சாட்சி. அந்தச் சாட்சியை நம்பித்தான் பாவாடை உள்ளே கொதித்துக்கொண்டிருந்த சூளைக்கு இன்னும் இன்னும் விறகு போட்டிருக்கிறார். எனக்கு அப்போது முழுசாகப் புரியவில்லை. சார் செங்கல் குவியலில் உட்கார்ந்ததைப் பார்த்து, ஏதோ களைப்பு என்று அவரிடமே டீயைக் கொடுத்தேன்.

சூளை ஆறவே மாட்டேன் என்றது. அதுவும் அவர் ஜெயித்ததற்கு இன்னொரு சாட்சி. ஆறிய பிறகு தலைவர் தேங்காய் உடைத்தார், வாசல் செங்கல்லைப் பிரித்தார்கள். உள்ளே பொம்மைகள் உருகி உட்கார்ந்திருந்தன. பிள்ளையாரின் தும்பிக்கை தொந்திக்குள் போய்விட்டது. செட்டியாரும் செட்டிச்சியும் எந்தக் கொலுவிலும் உட்காராத நெருக்கத்தில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். தசாவதார செட்டில் பத்துப் பேரும் ஒட்டிப் பதினோராவதாக ஒரு அவதாரம் எடுத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சாரின் முகத்தைப் பார்த்தேன், வந்த சிரிப்பு நின்றுவிட்டது.

“யாரு தப்புங்க இது?” என்றார் தலைவர்.

பாவாடை முன்னால் வந்தார். “நெருப்புல நான் கொறையே வைக்கலீங்களே, இருந்த கட்டை…”

சாம்பல் சாருக்குத் திடீரென்று இருமல் வந்தது. அப்படி ஒரு பொய் இருமலை நான் கேட்டதே இல்லை. இருமி முடித்துவிட்டு, “என் கணக்குதாங்க தப்பு. சூடு இவ்வளவு தேங்கும்னு நான் கணக்குப் போடல” என்றார். நான் வாயைத் திறந்தேன். “நீ போயி எல்லாருக்கும் டீ கொண்டாம்மா” என்றார் என்னிடம். டீக்கு அது நேரமே இல்லை. ஆனாலும் அவர் பார்த்த பார்வையில் நான் நகர்ந்துவிட்டேன்.

டீயோடு திரும்பும்போது தலைவர் கத்தி ஓய்ந்திருந்தார், உறுப்பினர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். சார் பேட்டை வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் வழிமறித்தேன்.

“ஏன் சார் சொல்லல? தப்பு உங்களுது இல்லியே.”

“சொல்லியிருந்தா பாவாடைய இன்னைக்கே வூட்டுக்கு அனுப்பியிருப்பாரும்மா.”

“அதுக்கு? உங்க ஆராய்ச்சி போவுதே சார்.”

“சுவரு சுடாதுன்னு சங்கத்துக்கு எத்தனையோ தடவ சொன்னேன். பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரன் வரைக்கும் சொன்னேன். நெருப்பு போடுற மனுசன்ட்ட மட்டும் சொல்லல. அவரு மல்லாட்டை போடறத தெனம் பாத்தவன் நான். பங்கு வாங்கித் தின்னவன். அப்பறம் தப்பு யாருதும்மா?” என்றார். பஸ் வந்தது, ஏறிவிட்டார். அன்றைக்கு அவர் கையில் மூட்டை இல்லாததைப் பார்த்த கண்டக்டர் உடம்பு சரியில்லையா என்று கேட்டாராம்.

தலைவர் அந்த வெளிச்சுவரை இடிக்கச் சொன்னார். அடைத்திருந்த சாம்பல் காற்றில் கிளம்பி ஒரு வாரம் பேட்டை முழுக்க விழுந்தது. நாங்கள் எல்லோருமே சாம்பல் நிறத்தில் அலைந்தோம். சார் வரவில்லை. ஒரே ஒரு நாள் வந்தார். பாவாடையைத் தன் ஷெட்டுக்கு அழைத்துப்போய், நாய்க்கூண்டுச் சூளையை மூட்டி, வெளிச்சுவரில் கை வைக்கச் சொன்னார். சுடவில்லை. பிறகு ஓட்டை வழியாக உள்ளே பார்க்கச் சொன்னார். உள்ளே வெள்ளை வெளேரென்று எரிந்ததாம். பாவாடை அங்கேயே குந்திவிட்டாராம். “சார், அப்ப அன்னைக்கு நான்…” என்று ஆரம்பித்தாராம். “அன்னைக்கு அன்னைக்கோட போச்சு, வாங்க டீ குடிப்போம்” என்று சொல்லிவிட்டு ஷெட்டைக் காலி செய்துகொண்டு போனாராம் சார். பாவாடைதான் இதை என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு சவுக்கு விலை இறங்கவே இல்லை. சூளைகள் ஒன்றொன்றாக அணைந்தன. பொம்மை செய்த பெண்கள் ஜவுளிக்கடைக்கும் செங்கல் அறுக்கவும் போனார்கள். ஒரு லோடு, இன்னும் ஒரே ஒரு லோடு அவரை நம்பிக் கொடுத்திருக்கலாம்.

சில வருடம் கழித்து வெளியூர்க் கம்பெனி ஒன்று புது மாதிரி கேஸ் சூளையைக் கொண்டு வந்து இறக்கியது. பந்தல், மைக், மாலை எல்லாம் போட்டு விழா வைத்தார்கள். டை கட்டிய விற்பனைக்காரர், “வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள், சுடாது” என்றார். தலைவர் தொட்டார். அதிசயப்பட்டார். கை தட்டினார்கள். முதலாளிகள் வரிசையில் நின்று தொட்டார்கள். வரிசையின் கடைசியில் யாரும் அழைக்காமலே வந்த ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தலை நரைத்து, சாம்பல் பூசாமலே சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தார்.

அவர் முறை வந்ததும் தொட்டுப் பார்த்தார். கையை எடுக்கவே இல்லை. “நல்லா பண்ணியிருக்காங்க” என்றார். முகத்தில் கசப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், எனக்குத்தான் இருந்தது. விற்பனைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “இதுக்கு நெருப்பு பாக்கப் போறவர்ட்ட சுவரு சுடாதுன்னு சொல்லிட்டீங்களா தம்பி?”

விற்பனைக்காரர் சிரித்தார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பாவாடையின் குரல் வந்தது. “எனக்குத் தெரியும் சார்.”

விருந்தினர்களுக்குப் பொன்னாடை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. எல்லாம் முடிந்து சார் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஒன்றைக் கொண்டுபோய் அவர் தோளில் போர்த்தினேன். “எனக்கு எதுக்கும்மா இது?” என்று கூச்சத்தோடு நெளிந்தார்.

“ஒரு விருந்தாளி வரல சார். இது மிஞ்சிப் போச்சு, நீங்க கொண்டுபோங்க.”

மிஞ்சிப் போனது என்று சொன்னதும் நிம்மதியாக வாங்கிக்கொண்டார். கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனார்.

அன்றைக்கு எல்லா விருந்தாளிகளும் வந்திருந்தார்கள். அந்தப் பொன்னாடையை முதல் நாளே கடைத்தெருவில் அவருக்கென்று நான் எடுத்து வைத்திருந்தேன்.